இரண்டாவது ஸ்பானர்

அவனுக்கு நாலு மில்லி என்று பெயர் வந்ததற்குக் குடி காரணமல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரைக் கேட்டதும் ஆட்கள் சிரித்துவிட்டு, நாலு மில்லியில் நாக்குகூட நனையாதே என்பார்கள். அவன் பீரைக்கூடத் தொட்டதில்லை. குவாட் பைக்குகளுக்கு அடித்தகடு போடுவது அவன் தொழில். மூன்று மில்லிமீட்டர் தகட்டில் போட்டுக் கொடு, எடை குறையும் என்று யார் வந்து கெஞ்சினாலும், "நாலு மில்லி. அதுக்குக் கீழ வேணும்னா வேற கடை பாருங்க" என்பான். வேறு கடை இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்பது அவனுக்கும் தெரியும், வந்தவனுக்கும் தெரியும்.

குவாட் பைக்கைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு தடித்த டயர், மோட்டார் சைக்கிள் மாதிரி கைப்பிடி, இருபக்கமும் காலைப் போட்டு உட்காரும் சீட். சாலை போகாத இடத்துக்கெல்லாம் போகும். ஆனால் அதன் வயிறு திறந்து கிடக்கும். ஒரு கூரான கல் அடித்தால் எஞ்சினின் அடி உடைந்து எண்ணெய் கொட்டிவிடும், ஓட்டியவன் நடந்துதான் வீடு திரும்ப வேண்டும். அந்த வயிற்றை மூடுவதுதான் அடித்தகடு. கொட்டகையில் பாதி அவனுக்கு, பாதி எனக்கு. நான் சீட் தைப்பவன். மேல் பாகம் என்னுடையது, கீழ்ப் பாகம் அவனுடையது, நடுவில் இருப்பதை மெக்கானிக் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிச் சிரிப்போம். சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அவன் வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கும். சக்கரம் வைத்த பலகையில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போவான். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து அடியில் ஒட்டவைத்து, விரலால் அழுத்தி அழுத்தி அச்செடுப்பான். அட்டையை அலுமினியத் தகட்டின் மேல் வைத்துக் கோடு போட்டு, வெட்டி, மடக்கி, பொருத்தினால் ஒரு நூல் இடைவெளி இருக்காது. பதினாறு வயதில் பேக்கரிக்கு ரொட்டித் தட்டு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவன். அங்கே நாளெல்லாம் தகட்டின் நான்கு ஓரத்தையும் மேலே மடக்குவதுதான் வேலை. கைக்கு அந்தப் பழக்கம் போகவே இல்லை. அவன் போடும் அடித்தகடுகளுக்கும் ஓரம் மேலே மடங்கித்தான் இருக்கும்.

அவனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது ஒரே வருடத்தில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கையில் எட்டு வயதுத் தங்கை. ரொட்டித் தட்டு மடக்கிய கையால்தான் அவளுக்குச் சடை பின்னியிருக்கிறான். "ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழ, பள்ளிக்கூடத்துல தராசுன்னே கூப்பிட்டாங்க" என்று அவள் இப்போதும் சொல்லிக் காட்டுவாள். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "திட்டுறதுக்கு வீட்ல ஒருத்தி இருக்கா, போதும்" என்பான். அவளுக்கு மட்டும் நல்ல இடமாகப் பார்த்துச் செய்துவைத்தான்.

மாப்பிள்ளைக்குத் தண்ணீர் நிறுவனத்தில் வேலை. மலையிலிருந்து ஊருக்கு வரும் பெரிய குழாயின் ஓரமாகவே குவாட் பைக்கில் போய், எங்கே கசிகிறது, எந்த வால்வு இறுகிவிட்டது என்று பார்த்து வர வேண்டும். தங்கை கட்டிக் கொடுக்கும் சாப்பாட்டு டப்பா தினமும் ஒரு மணிக்கு அந்த வண்டியில்தான் கொட்டகைக்கு வரும். மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே சாப்பிடுவார்கள். நான் என் டப்பாவோடு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வேன். மாப்பிள்ளை ஒருகாலத்தில் சிகரெட்டும் கையுமாக இருந்தவர். பிறந்த பெண் குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்ததும், தங்கை அவரை உட்காரவைத்து, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தாள். மூன்று வருடமாகத் தொடவில்லை. வாய் ஊறினால் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைக் கடித்துக்கொண்டிருப்பார்.

அவர் வண்டிக்கு முதலில் போட்ட தகட்டில் எலுமிச்சம்பழ அளவில் எட்டு ஓட்டைகள் இருந்தன. சேறும் தண்ணீரும் வடிய வேண்டுமே. ஒருநாள் ஓடையைக் கடக்கும்போது ஒரு மரக்குச்சி அந்த ஓட்டை வழியாக நுழைந்து எஞ்சினுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைக் குத்திக் கிழித்துவிட்டது. மாப்பிள்ளை ஒன்பது கிலோமீட்டர் நடந்து வந்தார். நாலு மில்லிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது.

"என் தகட்டுல குச்சி நுழைஞ்சுதா? எறும்பு நுழையாத மாதிரி ஒண்ணு போட்டுத் தரேன் மாப்ள."

போட்டான். முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை ஒரே தகடு. ஓட்டை கிடையாது. ஓரம் இரண்டு விரல் உயரம். கல்லில் உரசி உரசி போல்ட்டுகள் கழன்றுவிடுகின்றன என்பது அவருடைய இன்னொரு குறை. அதற்கும் வழி செய்தான். போல்ட்டின் தலை தகட்டோடு தகடாக அமுங்கிவிடும், மேலே சட்டத்துக்குள் நழுவாத நட்டு. மொத்தம் பதினாறு. கீழே ஒருவன் படுத்துத் திருக வேண்டும், மேலே ஒருவன் கையை உள்ளே விட்டு ஸ்பானரால் நட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தனியாளால் ஒரு போல்ட்டைக்கூட அசைக்க முடியாது. அவன் அதைப் பெருமையாகச் சொன்னான்.

"யோவ், உள்ள விழுற குப்பை எப்படி வெளிய போகும்?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதை இப்போது சொல்லிக்கொள்வதில் என்ன பிரயோசனம்.

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை இறக்கித் தட்டிட்டா போச்சு. அதான் நான் இருக்கேன்ல" என்றான்.

முதல் இரண்டு மாதம் இருந்தான். சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் தகட்டை இறக்கி, ஒரு கூடை மண்ணும் சருகும் கொட்டி, மறுபடி மாட்டுவார்கள். அதன் பிறகு ஒரு எஸ்டேட்டிலிருந்து பன்னிரண்டு வண்டிகள் மொத்தமாக வந்தன. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதே சமயத்தில் வெயிலும் ஏறியது. மலையடிவாரத்தில் இடுப்பளவு நின்ற புல் காய்ந்து, குழாய்ப் பாதை முழுக்க வைக்கோல் நிறமாகிவிட்டது.

"மச்சான், இன்னைக்கு இறக்கிடலாமா? ஓட்டும்போது அடியில ஏதோ வைக்கோல் வாசனை வருது."

"அடுத்த சனிக்கிழமை மாப்ள. இந்த எஸ்டேட்காரன் உயிர எடுக்கறான்."

இப்படி மூன்று சனிக்கிழமைகள். நான் நாலடி தள்ளி உட்கார்ந்து சீட் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஸ்பானரைப் பிடிக்க எனக்குத் தெரியாதா? யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மாப்பிள்ளை என் மேஜையிலிருந்த லைட்டரைக் கேட்டார். வால்வு மூடிகளைக் கட்டுவதற்கு நைலான் கயிறு வெட்டினால் நுனி பிரிந்துபோகிறதாம், லேசாகச் சுட்டால் நிற்கும். நானும் நூல் நுனியை அப்படித்தான் சுடுவேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு டப்பா வரவில்லை. இரண்டு மணிக்கு மலைப் பக்கம் புகை தெரிந்தது. வண்டி இருந்த இடத்திலிருந்து முப்பது அடி தள்ளி அவரைக் கண்டெடுத்தார்கள். அவர் ஓடியிருக்கிறார், காய்ந்த புல் அவரைவிட வேகமாக ஓடியிருக்கிறது. அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

நிறுவனத்திலிருந்து வந்த அதிகாரி நின்றபடியே நாலு படம் எடுத்தார். சட்டைப் பையிருந்த இடத்தில் ஒரு லைட்டரின் இரும்பு மூக்கு கிடைத்தது. முன்பு புகைத்தவர்தானே என்று கேட்டார்கள், ஆமாம் என்று யாரோ சொன்னார்கள். சிகரெட்டால் தீப்பற்றியதாக எழுதி முடித்துவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்குத் தர வேண்டியதை நிறுவனம் தந்துவிட்டது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒற்றை வரி தங்கையின் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் அழவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுதபோதுகூடக் கட்டையாக நின்றாள். "செத்ததுக்கு அழலாம்ணே. எம் பொண்ணு தலையில கை வெச்சுப் பொய் சொன்னதுக்கு எப்படி அழறது?" என்று அண்ணனிடம் கேட்டாள். அவர் படத்தை மாட்டவில்லை. அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் "அந்த ஆளு" என்றாள்.

மூன்றாம் நாள் எரிந்த வண்டியைக் கொண்டுவந்து கொட்டகையின் பின்னால் போட்டார்கள், பழைய இரும்புக்காரன் வந்து எடுத்துப் போவதற்காக. நாலு மில்லி என்னிடம் வந்து, "சீட்டு, கொஞ்சம் மேல பிடி" என்றான். சீட் தைப்பதால் அவனுக்கு நான் சீட்டு. அவன் படுத்தான், நான் ஸ்பானரோடு குனிந்தேன். பதினாறு போல்ட்டில் ஒன்பதுதான் மிச்சம். தகடு பின்பாதி உருகி வழிந்திருந்தது. முன்பாதி அப்படியே இருந்தது. அந்த மடித்த ஓரத்துக்குள் காய்ந்த புல் ஒரு செங்கல் கனத்துக்கு இறுகிக் கிடந்தது. சைலன்சர் குழாய் தொடும் இடத்தில் கருகல், அதற்கு முன்னால் மஞ்சள் மாறாத புல். யாரும் எதையும் விளக்கத் தேவையில்லை. அவன் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வராமல் அங்கேயே வெகுநேரம் படுத்திருந்தான். பிறகு தகட்டைத் தார்ப்பாயில் சுற்றித் தன் வேலை மேஜைக்குக் கீழே தள்ளினான்.

"அவகிட்ட சொல்லணும்யா" என்றேன்.

"சொல்றேன்."

"எப்ப?"

"அவ கொஞ்சம் தேறட்டும்."

அவனுக்கு உலகத்தில் இருந்தது அவள் ஒருத்தி. சொன்னால் அவளை இழப்பான். சொல்லாவிட்டால் அவள் செத்துப்போன புருஷனைத் திட்டிக்கொண்டே இருப்பாள். இந்தக் கணக்கில் அவன் எந்தப் பக்கம் நின்றான் என்பது அடுத்த ஏழு மாதத்தில் தெரிந்தது. எனக்கு அவன் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேலேயே வந்த ஆத்திரம். லைட்டர் என்னுடையது என்று நானும் வாயைத் திறக்கவில்லையே.

அவன் செய்தது வேறொன்று. தான் தகடு போட்ட வண்டிக்காரர்களையெல்லாம் தேடிப் பிடித்து, சும்மா ஒரு பார்வை பார்த்துத் தருகிறேன் என்று வரவழைத்தான். ஒவ்வொரு தகட்டையும் இறக்கி, ஓரத்தை வெட்டியெறிந்து, நீளநீளமாக ஓட்டை போட்டான். உள்நட்டைத் தூக்கிவிட்டு, கையால் இழுத்தாலே கழலும் இரும்புப் பின்களை வைத்தான். ஒரே ஆள் ஐந்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். ஊரிலிருக்கிற தகட்டிலெல்லாம் ஓட்டை போட்டான், சொல்ல வேண்டிய இடத்தில் வாயைத் திறக்கவில்லை. நாள் முழுக்க டிரில்லிங் சத்தம் காதைக் கிழிக்கும்.

தங்கை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மதியம் வேலைக்குப் போகிற வழியில் அண்ணனுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவாள். அவன் அதை வாங்கிச் சாப்பிட்டான். ஏழு மாதம், ஒருநாள் தவறாமல். மிச்சம் வைத்ததே இல்லை. மிச்சம் வைத்தால் அவள் ஏன் என்று கேட்பாள்.

ஒருநாள் டப்பாவோடு ஒரு பையும் கொண்டுவந்தாள். உள்ளே மாப்பிள்ளையின் மழைக்கோட்டு. நிறுவனம் கொடுத்தது, நல்ல கனமான துணி.

"நீயே போட்டுக்கோண்ணே. நல்ல கோட்டு, வீணாப் போகுது. எனக்கு அது கண்ல பட வேணாம். பொய்காரன் சட்டைய வெச்சு நான் என்ன பண்ண?"

அவன் கோட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "சரிம்மா" என்றான். அந்தச் சரியைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்துபோனது. கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"ஒரு நிமிஷம் நில்லும்மா. அந்த லைட்டரு என்னுது. கயித்து நுனி சுடறதுக்கு நான்தான் குடுத்தேன். மாப்பிள்ளை சிகரெட்டத் தொடவே இல்ல. தீக்குச்சியத்தான் கடிச்சிட்டிருந்தாரு, சாகிற வரைக்கும்."

அவள் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ தீ எங்க இருந்து வந்துச்சு?"

அது நான் சொல்ல வேண்டிய பதிலில்லை. நாலு மில்லி கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்காலில் உட்கார்ந்து, மேஜைக்குக் கீழிருந்து தார்ப்பாய்ச் சுருட்டை இழுத்துப் பிரித்தான்.

"மாப்ள வண்டித் தகடும்மா."

அவள் குனிந்து உட்கார்ந்தாள். உள்ளே கையை விட்டு ஒரு பிடி புல்லைப் பிய்த்து எடுத்தாள். விரலெல்லாம் கரி. அவனே சொன்னான், திக்கித் திக்கி. புல் எப்படி உள்ளே விழுந்தது, ஏன் வெளியே போகவில்லை, சைலன்சர் சூட்டில் எப்படிப் பற்றியது.

"இதக் கழட்டிச் சுத்தம் பண்ண முடியாதா?"

"முடியும். பதினாறு போல்ட்டு."

"அப்போ அவரு ஏன் பண்ணல?"

"தனியா கழட்ட முடியாதும்மா. ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் கீழ, ஒருத்தன் மேல ஸ்பானர் பிடிக்கணும்."

"அந்த ரெண்டாவது ஆளு யாரு?"

அவன் தார்ப்பாயின் ஓரத்தை மேலே மடக்கினான்.

"நான்தான்."

"அவரு உன்ன வந்து கேட்டாரா?"

"கேட்டாரு. மூணு சனிக்கிழமை."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"மூணாம் நாளு."

அவள் கையிலிருந்த புல்லைத் தகட்டுக்குள்ளேயே திரும்பப் போட்டாள். "ஏழு மாசம்ணே. தினம் அவரத் திட்டிக்கிட்டேதான் உனக்குச் சோறு கட்டினேன். நீ சாப்ட்ட" என்றாள். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களும்" என்றாள். அவ்வளவுதான். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவன் தோளிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு, தைக்காமல் அடுக்கியிருந்த சீட்டுகளின் மேல் உட்கார்ந்தாள். கோட்டை மடியில் விரித்து, அதன் கைகளை ஒழுங்காக மடித்து, அதில் முகத்தை வைத்து அழுதாள். ஏழு மாதத்து அழுகையும் அன்றைக்கு வந்தது. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். தலையைத் தூக்காமலே, "நீ வராத" என்றாள். அதனால் நான் அந்தப் பக்கமும் அவன் இந்தப் பக்கமும் நின்றோம், அவள் நடுவில் தனியாக அழுதாள். பிறகு குழாயில் முகம் கழுவிக்கொண்டு, கோட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் டப்பா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு மணியானதும் அவன் பழக்கத்தில் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்வான். நான் என் சாப்பாட்டில் பாதியை அவன் பக்கம் தள்ளுவேன், அவன் தொடமாட்டான். கடைசியாக வந்த டப்பா மட்டும் கழுவித் துடைத்து மேஜை மேலேயே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றான். தனியாகப் போக அவனுக்குத் தைரியமில்லை. நானும் போனேன்.

கதவைத் திறந்தது குழந்தை. அவளுக்குப் பின்னால் கூடத்துச் சுவரில் மாப்பிள்ளையின் படம் மாட்டியிருந்தது, புதிய சட்டம். அதற்குக் கீழே ஆணியில் மழைக்கோட்டு தொங்கியது. குழந்தை அவனைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, ரகசியம் சொல்கிற மாதிரி கிட்டே வந்தாள்.

"மாமா, எங்கப்பா பொய் சொல்லல. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் கண்ணு" என்றான்.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "யாருடி?" என்று தங்கையின் குரல்.

"மாமா. டப்பா எடுத்துட்டு வந்திருக்காரு."

உள்ளே குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"வாசல்ல வெச்சுட்டுப் போகச் சொல்லு."

வைத்துவிட்டு வந்தோம்.